மேலே வெள்ளி, கீழே வியாழன்

இது கொஞ்சம் பொட்டி தட்டும் சமாச்சாரம். ஆனாலும் ஆணி பிடுங்காத மக்களும் கடைசி வரை படிக்கலாம். ஊரில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு வந்து, செல்போனில் லிங்க் அனுப்பியே பிள்ளைக் கடமையை முடித்துக்கொள்ளும் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

போன மாதம் ஆபீஸில் ஒரு சின்னச் சண்டை. புதிதாகச் சேர்ந்த நாக்பூர் பையன் ஒருவன் எழுதிய கோடை நான் பார்த்துக் கொடுக்க வேண்டும். பக்கத்தின் முகவரியில் இருக்கும் ஊர், தேதி, வரிசை எல்லாவற்றையும் அப்படியே ரிடக்ஸ் ஸ்டோரிலும் எழுதி வைத்திருந்தான். இரண்டையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைக்க நாற்பது வரி தனியாக எழுதியிருந்தான். எடுத்துவிடு என்றேன். "ரெண்டு எடத்துலயும் இருந்தா பாதுகாப்புதானே?" என்று ஹிந்தியில் கேட்டான். புனேயில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியும் என் ஹிந்தி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான் வளர்ந்திருக்கிறது. "நஹி சாஹியே" என்று சொல்லி முடித்துவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தப் பதிவு. அவனுக்குத் தமிழ் தெரியாது என்பது வேறு விஷயம்.

பதிலுக்கு முன்னால் ஒரு கொசுவத்தி சுற்றிக்கொள்ளுங்கள்.

2019 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரில் தங்கச்சிக்கு வளைகாப்பு. அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி ஆம்னி பஸ்ஸில் கிளம்பினால் சனிக்கிழமை காலையில் போய்ச் சேரலாம். நான்தான் பெரிய சாஃப்ட்வேர் புலி ஆச்சே! எங்கள் கம்பெனி ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்து கொடுத்த பஸ் டிக்கெட் தளத்திலேயே வெள்ளிக்கிழமை பஸ்ஸைத் தேடி, அந்தப் பக்கத்தின் லிங்க்கை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "கீழ் பெர்த் எதுன்னு பாத்துச் சொல்லுங்கப்பா, நான் பணம் கட்டிடுறேன்."

அப்பா தபால் துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளை பணம் கட்டட்டும் என்று உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. அவரே சீட்டைத் தேர்ந்தெடுத்து, அவரே பணத்தையும் கட்டிவிட்டு, "முடிஞ்சது" என்று ஒரு வரி அனுப்பினார். எனக்கும் பெருமைதான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு பைபாஸில் நிற்கிறார்கள். அம்மா கையில் வளையல் பெட்டி, முறுக்கு டின், கடலை மிட்டாய், கருப்பட்டி. பஸ் வந்தது. கையில் சார்ட்டோடு இறங்கிய பையன் பார்த்துவிட்டு, "ஐயா, இது நேத்து டிக்கெட்" என்றான். பஸ்ஸில் இடமும் இல்லை. அடுத்தடுத்து வந்த பஸ்களும் நிறைந்துதான் வந்தன. கடைசியில் மதுரைக்கு ஒரு பஸ், அங்கிருந்து சேலம், சேலத்திலிருந்து ஓசூர் என்று மாறி மாறி, அறுபத்தேழு வயதில், முட்டி வலியோடு, சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள்.

நான் போனில் என்ன கேட்டேன் தெரியுமா? "தேதியைப் பாக்காமலா போட்டீங்க?"

"ஏலே, நான் பாத்துட்டுத்தான் போட்டேன். மேல வெள்ளிக்கிழமைன்னுதான் இருந்துச்சு."

"அது எப்படிப்பா இருக்கும்? எஸ்.எம்.எஸ்ல வியாழன்னுதானே வந்திருக்கு?"

பதில் இல்லை. அம்மா போனை வாங்கி, "விடுப்பா, அவருக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்றார். வியாழக்கிழமை ராத்திரி பஸ்காரர்கள் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். தெரியாத நம்பர் வந்தால் எடுக்காதீர்கள் என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்த மகானும் நானே.

அடுத்த வாரம் அப்பா கண் டாக்டரிடம் போனார். கண்ணில் ஒன்றும் இல்லை, அதே கண்ணாடி போதும் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கப்புறம் அவர் போனில் எதற்குமே பணம் கட்டவில்லை. கரண்டு பில் கட்ட மறுபடி வரிசையில் போய் நின்றார். வீட்டில் எல்லோரும் மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம்: அப்பாவுக்கு வயசாகிவிட்டது.

சரி, இப்போது மேட்டருக்கு வருவோம். மேலே வெள்ளி இருந்தது என்று அப்பா சொன்னது உண்மையா, இல்லையா? அதைச் சொல்ல ரிடக்ஸ் என்றால் என்ன, ரூட்டிங் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் நாலு பத்தி தாண்டிப் போகலாம்.

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. கேஸ் வந்த தேதி, பால்காரர் வராத நாள், பிள்ளையின் பரீட்சை எல்லாம் அதில்தான். முன்பு எனக்கு ஒரு டைரி, தங்கமணிக்கு ஒரு நோட்டு, பையனுக்கு ஒன்று என்று இருந்தது. கேஸ் புக் பண்ணியாச்சா என்ற கேள்விக்கு மூன்று பதில் வரும். ஒரே காலண்டர் என்று ஆனதும் சண்டை குறைந்தது. இன்னொரு விதியும் உண்டு. காலண்டரில் எழுதும் பேனா தங்கமணியிடம் மட்டுமே இருக்கும். நான் போய் "சிலிண்டர் வந்தது" என்று தகவல் சொல்லலாம், எழுதுவது அவர்தான். இதுதான் ரிடக்ஸ். காலண்டர் ஸ்டோர். நான் சொல்லும் தகவல் ஆக்‌ஷன். பேனா வைத்திருக்கும் தங்கமணி ரெட்யூசர். (இந்தப் பத்தியை அவர் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் 2015இல் இதைக் கொண்டுவந்தபோது, நிலைமை எல்லாம் சிதறிக் கிடந்த பெரிய பெரிய வலைச் செயலிகளை எழுதிக் கொண்டிருந்த எங்களுக்கு நிஜமாகவே மூச்சு விட முடிந்தது.

ரூட்டிங் என்பது முகவரிப் பட்டை. உலாவியின் உச்சியில் இருக்கும் அந்த யூ.ஆர்.எல். ஆதியில் ஒவ்வொரு முகவரிக்கும் சர்வரிலிருந்து ஒரு புதுப் பக்கம் வரும். முகவரி மாறினால் பக்கம் மாறும், பின்னால் போகும் பொத்தானை அழுத்தினால் பழைய பக்கம் வரும். நல்ல முகவரி மாறக் கூடாது என்று வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே ஒரு கட்டுரை எழுதி வைத்திருக்கிறார். பிறகு 2004இல் ஜிமெயில், 2005இல் கூகுள் மேப்ஸ் வந்தன. பக்கத்தைப் புதிதாக ஏற்றாமல் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றும் வித்தை எல்லோருக்கும் பிடித்துப்போனது. முகவரி அப்படியே நிற்க, உள்ளே உலகமே மாறும். பின்னால் போகும் பொத்தானை அழுத்தினால் தளத்தை விட்டே வெளியே வந்து விழுவோம். நாற்பது கட்டம் நிரப்பிய விண்ணப்பம் அப்படிக் காணாமல் போய் மண்டையை முட்டிக்கொண்டவர்கள் கை தூக்குங்கள்.

அதைச் சரிசெய்ய முதலில் முகவரியின் வாலில் # போட்டு ஏதேதோ எழுதிப் பார்த்தார்கள். 2011 பிப்ரவரியில் காக்கர் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் தன் தளங்களையெல்லாம் இந்த # முறைக்கு மாற்றிய கையோடு ஜாவாஸ்கிரிப்டில் ஏதோ கோளாறாகி, எல்லாத் தளங்களும் வெறும் வெள்ளைப் பக்கமாக நின்ற கூத்து அந்தக் காலத்தில் பிரபலம். பக்கத்தை ஏற்றாமலே முகவரியை மாற்றும் வசதியும், பின்னால் போனால் தகவல் சொல்லும் வசதியும் அதே சமயத்தில்தான் உலாவிகளிலேயே வந்தன. அதன் மேல் ஏறி நிற்பவைதான் ரியாக்ட் ரவுட்டர் மாதிரியான நூலகங்கள்.

ஆக ஒரு செயலிக்குள் இரண்டு பெரியவர்கள் வந்துவிட்டார்கள். நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும் முகவரி ஒருவர். என்ன நடக்கிறது என்று சொல்லும் ஸ்டோர் இன்னொருவர். இரண்டு பேருக்கும் பாலம் போட்டாக வேண்டும். 2015 கடைசியில் ஜேம்ஸ் லாங் அதற்கென்று ஒரு சின்ன நூலகம் எழுதினார். 2016 தொடக்கத்தில் அதன் பெயர் ரியாக்ட்-ரவுட்டர்-ரிடக்ஸ் என்று மாறியது. பிறகு அதன் இடத்தில் கனெக்டட்-ரியாக்ட்-ரவுட்டர் வந்தது. வியூ பக்கம் வியூஎக்ஸ்-ரவுட்டர்-சின்க், ஆங்குலர் பக்கம் என்ஜிஆர்எக்ஸ் ரவுட்டர்-ஸ்டோர். கடைக்குக் கடை சரக்கு ஒன்றுதான்.

எதற்காக இந்தப் பாலம் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ரிடக்ஸில் காலத்தில் பின்னோக்கிப் போகலாம். பயனர் எதை அழுத்தினார், அடுத்து என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கலாம். முகவரியும் ஸ்டோரில் இருந்தால் பக்க மாற்றத்தையும் அப்படித் திருப்பிப் பார்க்கலாம். "அடுத்த பக்கத்துக்குப் போ" என்பதையும் ஒரு ஆக்‌ஷனாகவே அனுப்பலாம். எல்லா உண்மையும் ஒரே இடத்தில் இருக்கும் என்ற மனத்திருப்தி வேறு. 2018இல் நானும் அப்படித்தான் மயங்கினேன். எங்கள் பஸ் தளத்தில் பாலம் கட்டிய கொத்தனார் நான்தான்.

2019 மே மாதம் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து ஒரு புகார் வந்தது. பயணி ஒருவர் ஸ்க்ரீன்ஷாட்டோடு அனுப்பியிருந்தார். பக்கத்தின் தலைப்பில் ஒரு தேதி. டிக்கெட்டில் அதற்கு முந்தைய தேதி. எனக்குக் காது சுட்டது. மானிட்டரை அப்படியே விட்டுவிட்டு மாடிக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து தேடினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

நடந்தது இதுதான். பாலம் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. நான் அனுப்பிய லிங்க்கில் வெள்ளி இருந்தது. பாலம் அதை ஸ்டோரில் தன்னுடைய அறையில் வெள்ளி என்றே எழுதிக்கொண்டது. பக்கத்தின் தலைப்பு அந்த அறையைப் பார்த்து எழுதப்பட்டது. ஆனால் அதே ஸ்டோரில் "தேடல்" என்று இன்னொரு அறையும் இருந்தது. பயனர் கடைசியாகத் தேடிய ஊரும் தேதியும் அதில் இருக்கும். அடுத்த தடவை வரும்போது மறுபடி தட்ட வேண்டாமே என்ற நல்ல எண்ணத்தில் அந்த அறையைப் போனிலேயே சேமித்து, திறந்ததும் எடுத்துப் போடும்படி செய்திருந்தோம். பஸ் பட்டியலையும் சீட்டையும் கட்டணத்தையும் சர்வரிடம் கேட்ட கோடு, இந்த இரண்டாவது அறையைப் பார்த்தது.

புதன்கிழமை சாயங்காலம் அப்பா சும்மா கட்டணம் எவ்வளவு என்று பார்க்க அதே தளத்தில் வியாழக்கிழமைக்குத் தேடியிருக்கிறார். அன்று ராத்திரி என் லிங்க்கைத் திறந்தார். மேலே வெள்ளி. கீழே வந்த சீட்டெல்லாம் வியாழன். தினமும் அதே நேரத்துக்கு ஓடும் அதே பஸ், அதே கட்டணம், அதே கீழ் பெர்த். சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. அப்பா சரியாகத்தான் பார்த்திருக்கிறார். "ஒரே இடத்தில் ஒரே உண்மை" என்று பெருமையாகக் கட்டிய ஒரே பெட்டிக்குள் இரண்டு உண்மைகள் பக்கத்துப் பக்கத்து அறையில் குடியிருந்தன. இந்த வரியை யார் எழுதினார்கள் என்று கிட்டைக் கேட்டால் சொல்லும். சொன்னது. 2018 மார்ச், என் பெயர்.

இனிமேல் என் கட்சி. ஒப்புக்கொள்ளாதவர்கள் இருப்பீர்கள், தெரியும்.

முகவரி செயலியின் சொத்து கிடையாது. ஸ்டோரை நான் மட்டுமே மாற்ற முடியும்; காலண்டருக்கு ஒரே பேனா. முகவரியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். பயனர் பின்னால் போவார், பழைய புக்மார்க்கைத் திறப்பார், கையால் திருத்துவார், மகன் புனேயிலிருந்து லிங்க் அனுப்புவான். நம்மைக் கேட்காமல் மாறுகிற ஒன்றை நம் பெட்டியில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நகலே அசல் என்று நம்புவதில்தான் எல்லா வினையும் ஆரம்பிக்கிறது. அப்பாவின் தொழிலில் சொன்னால், உறையின் மேல் 628501 என்று எழுதியிருந்தால் கடிதம் கோவில்பட்டிக்குத்தான் போகும். பிரிப்பவருக்குப் போன வாரம் இதே கையெழுத்தில் வந்த கடிதம் வேறு ஊருக்குப் போன ஞாபகம் இருக்கலாம். அந்த ஞாபகத்தை வைத்துப் பையில் போட்டால் வேலை போய்விடும்.

அதனால் பாலம் கட்டுவதாக இருந்தால் ஒருவழிப் பாதையாகக் கட்டுங்கள் என்பேன். முகவரியிலிருந்து ஸ்டோருக்கு மட்டும். ஸ்டோரில் இருப்பது கண்ணாடியில் தெரியும் பிம்பம். பார்க்கலாம், அதில் பொட்டு வைக்கக் கூடாது. பக்கம் மாற வேண்டுமா? ரவுட்டரிடம் சொல்லுங்கள், அது முகவரியை மாற்றும், முகவரி ஸ்டோருக்குத் தகவல் சொல்லும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொள்ளும்படி எழுதினால் என்ன ஆகும்? ஸ்டோர் முகவரியைத் திருத்தும், முகவரி ஸ்டோரைத் திருத்தும், மறுபடி மறுபடி. பார்த்திருக்கிறேன். பக்கம் திறந்த ஐந்தாவது நொடியில் மடிக்கணினியின் விசிறி ஜெட் விமானம் மாதிரி கத்தும்.

ரியாக்ட் ரவுட்டர் எழுதியவர்களே 4, 5ஆம் பதிப்புகளின் கையேட்டில், பாதைகளை ரிடக்ஸ் ஸ்டோரில் வைக்காமல் இருப்பதே எங்கள் பரிந்துரை என்று எழுதிவிட்டார்கள். நாங்கள் கையேட்டைப் படிப்பதெல்லாம் கோளாறு வந்த பிறகுதான். 2021 நவம்பரில் ரியாக்ட் ரவுட்டரின் 6ஆம் பதிப்பு வந்தது. கனெக்டட்-ரியாக்ட்-ரவுட்டர் பழைய பதிப்புகளுக்காக எழுதப்பட்டது, இதோடு ஒட்டவில்லை. பாலத்தை நம்பி வீடு கட்டியவர்கள் பழைய பதிப்பிலேயே மாட்டிக்கொண்டு முழித்தார்கள். எங்கள் கம்பெனியின் இன்னொரு குழுவும் அதில் அடக்கம். மாதக்கணக்கில் ராத்திரி ஆணி.

அப்படியானால் எதை முகவரியில் வைப்பது? இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ரொம்பச் சாதாரணம். ஊரில் இருப்பவரிடம் போனில் அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் என்னவெல்லாம் சொல்வேன்? எந்த ஊரிலிருந்து எந்த ஊர், எந்தத் தேதி, எந்த பஸ், குறைந்த கட்டணம் முதலில். அதெல்லாம் முகவரிக்கு. மொழியும்தான். நான் தமிழில் பார்த்து அனுப்பிய பக்கம் அம்மாவிடம் இங்கிலீஷில் திறந்தால் அது நான் அனுப்பிய பக்கமே இல்லை. (வாங்குபவருக்கு இங்கிலீஷ்தான் வசதி என்றால்? என் மைத்துனர் கேட்டார். அவர் பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளட்டும்.) பாதி தட்டிய பெயர், திறந்து கிடக்கும் மெனு, சொல்லத் தேவையில்லாத இதெல்லாம் அந்தந்தக் கட்டத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு ஸ்டோர்கூட வேண்டாம். கார்டு எண், ஓ.டி.பி. மாதிரி ரகசியங்கள் முகவரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. உலாவியின் வரலாற்றிலும் சர்வரின் பதிவேட்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தேர்ந்தெடுத்த சீட்? இதில் எனக்கே குழப்பம் இருந்தது. லிங்க்கில் சீட் எண்ணும் போனால் அப்பாவுக்குச் சுலபம். ஆனால் அவர் திறப்பதற்குள் அந்த சீட்டை வேறு யாராவது எடுத்திருப்பார்கள். யாருக்கு சீட் என்பது சர்வருக்குத்தான் தெரியும். முகவரியிலும் வேண்டாம், ஸ்டோரிலும் நிரந்தரமாக வேண்டாம், ஒவ்வொரு தடவையும் சர்வரையே கேள் என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, பின்னால் போகும் பொத்தான். தேடல் பெட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் முகவரியைப் புதிதாகத் தள்ளினால் "கோவில்பட்டி" என்று தட்டியவர் வெளியே வருவதற்குள் விரல் தேய்ந்துவிடும். புது முகவரியை வரலாற்றில் சேர்ப்பது ஒரு வகை, இருப்பதன் மேலேயே மாற்றி எழுதுவது இன்னொரு வகை. பயனர் தன் மனதில் ஒரு படி ஏறினதாக நினைக்கும் இடத்தில் சேர்க்க வேண்டும். வடிகட்டி, வரிசை மாதிரி சில்லறை மாற்றத்துக்கு மேலேயே எழுத வேண்டும். இதற்கு எந்த நூலகமும் பதில் சொல்லாது. பயன்படுத்துகிற மனிதரைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

எதிர்க்கட்சியில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நூறு பேர் வேலை செய்யும் பெரிய செயலியில், எந்தப் பக்கத்தில் இருக்கும்போது எந்த ஆக்‌ஷன் நடந்தது என்று ஒரே வரிசையில் பார்க்க முடிவது பெரிய வசதி. பிம்பமாக மட்டும் வைத்துக்கொண்டால் நான் தடுக்கமாட்டேன். நாக்பூர் பையனின் நாற்பது வரியில் இருபது வரி இந்த வகைதான் என்று பிறகு நிதானமாகப் பார்த்தபோது தெரிந்தது. அவனிடம் போய்ச் சொன்னேன். மிச்ச இருபதை அவனே எடுத்துவிட்டான். எனக்கு ஒரு வடாபாவ் வாங்கிக் கொடுத்தான்.

2019இல் நான் செய்த திருத்தமும் சின்னதுதான். தேடல் அறையிலிருந்து தேதியையும் ஊரையும் தூக்கினேன். எல்லாரும் ஒரே ஒரு செயற்கூறு வழியாக முகவரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். போனில் சேமித்து வைத்த பழைய தேடல், முகவரியில் ஒன்றுமே இல்லாத முதல் பக்கத்தில் கட்டங்களை நிரப்ப மட்டும். சேர்த்த வரிகளைவிட நீக்கிய வரிகள் அதிகம். மேனேஜர் "ஓடுறதை எதுக்குத் தொடுற?" என்றார். ஓடவில்லை சார், எங்கப்பா பைபாஸில் நின்றார் என்று சொல்ல வாய் வரவில்லை. பயணியின் புகாரைக் காட்டினேன்.

அப்பாவிடம் சொல்வதற்குத்தான் மூன்று நாள் ஆனது. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, "அப்பா, அன்னிக்கு நீங்க பாத்தது சரிதான். மேல வெள்ளின்னுதான் இருந்துருக்கு. தப்பு எங்க தளத்துல. அத எழுதினது நான்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அந்தப் பக்கம் அம்மாவிடம் சொல்வது கேட்டது. "ஏட்டி, கேட்டியா? என் கண்ணு நல்லாத்தான் இருக்காம்."

அம்மா போனை வாங்கினார். "மூணு பஸ்ஸு மாறுனோமேப்பா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கரண்டு பில்லை இப்போது அப்பாதான் மறுபடி போனிலேயே கட்டுகிறார். பஸ் டிக்கெட்டும் போடுகிறார். ஆனால் நான் எந்த லிங்க் அனுப்பினாலும் திறந்து வைத்துக்கொண்டு எனக்குக் கூப்பிடுகிறார். போன வாரமும் கூப்பிட்டார், நான் ஹிஞ்சவடி டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தேன்.

"தேதிய வாயால சொல்லு."

சொன்னேன்.

"கிழமை?"

அதையும் சொன்னேன். பிறகுதான் பணம் கட்டினார்.